மாற்றிய வண்டி அதே வண்டியா?

யமஹா ஆர்15 போன்ற ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்கும் புதியவர் டயர், பிரேக் பேட், செயின் ஸ்ப்ராக்கெட், கடைசியில் சைலன்சரையும் மாற்றிவிடுகிறார். அது அதே வண்டிதானா? பாலி நூலான மிலிந்த பன்ஹாவில் பௌத்தத் துறவி நாகசேனர் தேரை வைத்து இதை அலசுகிறார்: சக்கரமோ அச்சோ தேர் அல்ல, உறுப்புகளின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர். நியாய, வைசேடிகத் தத்துவவாதிகள் இதை ஏற்பதில்லை. உறுப்புகளுக்கு வேறாக முழுமை என்றொரு பொருள் உண்டு; ஓர் உறுப்பு கழன்றாலும் பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கும் என்பர். அப்படியானால் பிரேக் பேட் மாற்றும்போதெல்லாம் புது வண்டி! இது சற்று அதிகம்தான். ஆர்டிஓ அலுவலகத்துக்கு இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. சேஸிஸில் பொறித்த எண் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போனால் அதே வண்டி. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. தேய்ந்த செயினுக்குப் பதில் அதே அளவுச் செயின் போடுவதை அது கண்டுகொள்வதில்லை.