நிற்கத் தெரிந்த ஊர்தி

சிக்கனமும் ஆடம்பரமும் ஒரே பொருளில் குடியிருக்க இயலுமா? அறநூல்கள் இவ்விரண்டையும் எதிரெதிர்த் திசைகளில் வைத்துள்ளன. ஆயின் இக்காலத்து மோட்டார்த் தொழில் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்திக் காட்டுகிறது. 2013ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஜெர்மனி நாட்டுப் பிராங்பர்ட் நகரில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில், ஜப்பானியரின் டொயோட்டா நிறுவனம் தன் உயர்தரப் பிரிவாகிய லெக்சஸ் பெயரில் 'எல்.எப்.-என்.எக்ஸ்.' என்னும் கான்செப்ட் காரை மேடையேற்றியது. கான்செப்ட் கார் என்பது விற்பனைக்கு வந்த வண்டியன்று; இப்படியொன்று வந்தால் விரும்புவீர்களா என்று மக்களின் கண்களைக் கேட்டறியும் ஒரு வடிவம். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்த ஹைபிரிட் வகை. காரின் சொகுசும் ஜீப்பின் உயரமும் கலந்த கிராஸ்ஓவர் உடல். மறு ஆண்டே, 2014இல், அது சற்று அடங்கிய தோற்றத்துடன் என்.எக்ஸ். 300எச் என்னும் பெயரில் விற்பனைக்கும் வந்துவிட்டது.

இவ்வண்டியைப் பற்றி இவ்விதழில் எழுதுவானேன் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். நம் இல்லத்து இளைஞர் சிலர் இன்று இத்தகைய ஊர்திகளை வாங்கும் வசதி பெற்றுள்ளனர். 'இது புகை குறைந்தது, எரிபொருள் மிச்சம், உயிர்களுக்கு நன்மை' என்று கூறியே அவர்கள் பெரியோர் வாயை அடைத்துவிடுகின்றனர். அவ்வாதத்தைச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். அதன் நியாயத்தை ஒப்புக்கொண்டே தொடங்குவோம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் முதலில் கற்பிக்கும் விதி. மிதிவண்டியின் டைனமோவை எண்ணிப் பாருங்கள். அதைச் சக்கரத்தின்மேல் சாய்த்தவுடன் விளக்கு எரிகிறது. அதே கணத்தில் மிதிப்பதும் கடினமாகிறது. விளக்கின் ஒளி நம் காலின் உழைப்பிலிருந்தே வருகிறது. சாதாரணக் காரில் பிரேக்கை அழுத்தும்போது, வண்டியின் ஓட்டம் முழுதும் வெப்பமாகிக் காற்றில் கலந்து வீணாகிறது. ஹைபிரிட் வண்டியிலோ, அவ்வேளையில் மின்மோட்டாரே டைனமோவாக மாறி, ஓட்டத்தைத் தடுத்து, மின்சாரத்தைப் பாட்டரியில் சேர்க்கிறது. மீண்டும் புறப்படுகையில் அம்மின்சாரமே வண்டியைத் தள்ளுகிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். வீணாகவிருந்ததை எடுத்துவைத்துப் பயன்படுத்தும் இம்முறையில் பொய்யில்லை. நகரத்துள் நின்று நின்று செல்வோர்க்கு இதன் பயன் மிகுதி. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் விரைவோர்க்குக் குறைவு.

அந்நிறுவனத்தின் பழங்கதையும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. அக்குடும்பத்தின் முதல் தொழில் நெசவுப்பொறி செய்தல். சகிச்சி டொயோடா 1924இல் நிறைவாக்கிய தானியங்கித் தறி, பாவுநூல் ஒன்று அறுந்தாலும் தானே நின்றுவிடும். பழுதான துணியை மேலும் நெய்து நூலைப் பாழாக்காது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் பொறி! அத்தறிக்கும் சிக்னலில் அணையும் எஞ்சினுக்கும் ஏதோ ஓர் உறவு உண்டென்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் மேடையில் நின்ற அவ்வண்டியின் வெளித்தோற்றத்தைக் காணும்போது அவ்வடக்கம் மறைந்துவிடுகிறது. முகப்பில் ஏறக்குறைய மேலிருந்து கீழ்வரை ஒரு பெரிய வலைச்சட்டம். மேலும் கீழும் அகன்று இடை சிறுத்தது. நூற்கும் கதிரின் பெயரால் அதனை அழைக்கின்றனர். நம் கண்ணுக்கு உடுக்கையாகவே தெரிகிறது. காற்றுப் புகுவதற்கென்று மட்டும் அமைந்த வாயன்று அது. எதிரே வருவோர் கண்டு ஒதுங்க வேண்டும் என்று வரைந்த முகம். பக்கங்களில் வாளால் சீவியது போன்ற மடிப்புகள், புடைத்த சக்கர வளைவுகள், உடலுக்கு மிஞ்சிய சக்கரங்கள். அதே நிறுவனம் 2003இல் வெளியிட்ட பிரியஸ் என்னும் ஹைபிரிட் காரை இதன் அருகில் நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். முதுகு சரிந்த அக்காரின் உடல், காற்றைக் குறைந்த தடையுடன் கடந்து செல்வதற்காகவே வரையப்பட்டது. அதனை அழகென்று புகழ்ந்தோர் சிலரே.

இதற்கொரு வரலாறு உண்டு. 1938இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஹார்லி ஏர்ல் என்பவர் உருவாக்கிய பியூக் ஒய்-ஜாப் என்னும் வண்டியையே முதல் கான்செப்ட் கார் என்று பொதுவாகக் கூறுவர். அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கிய ஆல்பிரட் ஸ்லோன், 1964இல் வெளிவந்த தம் நூலில், புதிய ஆண்டின் வண்டி பழைய வண்டியின்மீது ஓரளவு மனக்குறையை உண்டாக்க வேண்டும் என்னும் கருத்தை ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின்மேல் வெறுப்பை விதைத்தல்! விற்பனைக்கு வராத ஒன்றைக் காட்டும் கான்செப்ட் கார் இவ்விதைப்பைச் செவ்வனே செய்கிறது. ஆசைப்படுவதற்குப் பொருள்கூடத் தேவையில்லை, அதன் நிழலே போதும்.

மிச்சம் என்னும் வாதத்திற்கு வருவோம். 1865இல் இங்கிலாந்தின் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நீராவி எஞ்சின்கள் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு குறையும் என்று எல்லோரும் எண்ணியிருக்க, அது பெருகவே செய்யும் என்று அவர் காட்டினார். மலிவானதை மாந்தர் மேலும் பல இடங்களில் பயன்படுத்துவர் என்பதே காரணம். 2005இல் வந்த லெக்சஸ் ஆர்.எக்ஸ். 400எச் வண்டியின் பெயரிலேயே இச்செய்தி உள்ளது. அதன் எஞ்சின் 3.3 லிட்டர் அளவே. மின்மோட்டார்களின் துணையால் 4 லிட்டர் எஞ்சினுக்கு நிகரான வலிமை உண்டு என்பதால் 400 என்று பெயரிட்டனர். மிஞ்சியதன் ஒரு பங்கு வேகத்திற்குப் போயிற்று, அதனைப் பெயராகவும் பொறித்துக்கொண்டனர்.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று பொருள் வரைதல். போகோபபோக பரிமாணமோ நுகர்பொருள்களுக்கு எல்லை கட்டுவது. சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், கால எல்லை வகுத்து நுகர வேண்டியவற்றை எண்ணும்போது, உணவை அடுத்தே வாகனத்தைக் கூறியுள்ளமை நோக்கத்தக்கது. ஊர்தியே கூடாது என்று அவர் இல்லறத்தாரைத் தடுக்கவில்லை. அளவை நீயே வகுத்துக்கொள் என்கிறார். ஹைபிரிட் எஞ்சின் ஒரு கிலோமீட்டருக்கான செலவைக் குறைக்கும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை வண்டி, எவ்வளவு பெரியது என்பன அதன் பொறுப்பில் இல்லை. எனவே எரிபொருள் மிச்சத்தைக் காட்டி, வரைந்துகொள்ள வேண்டிய அளவை வரையாமல் விடுவது நியாயமன்று என்பதே நம் கருத்து.

மறுதரப்பில் சொல்வதற்கும் உண்டு. செல்வர் கொடுக்கும் மிகுவிலை ஆராய்ச்சிக்கு உதவும் என்பர். அதனை முற்றும் மறுப்பதற்கில்லை. பிரியஸும் 1995இல் டோக்கியோ கண்காட்சியில் கான்செப்ட் காராகத்தான் முதலில் தோன்றி, 1997 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. ஆகவே கான்செப்ட் கார் அனைத்தும் மோகவலை என்று தள்ளிவிடுதல் தகாது. மேலும், கிராஸ்ஓவரின் இருக்கை இடுப்பளவு உயரத்தில் இருப்பதால், குனிந்து விழாமலும் உந்தி எழாமலும் அமரலாம். முழங்கால் தேய்ந்த நம் போன்றோர் இதனை ஆடம்பரம் என்று சொல்லத் துணியோம்.

இருக்கையைப் பற்றி மற்றுமொரு செய்தி. உயர்தர வண்டிகளில் மாட்டுத்தோல் போர்த்துவது நெடுநாள் வழக்கம். என்.எக்ஸ். வகையில் செயற்கைத் தோல் இருக்கைகளும் உண்டு. ஆனால் இருக்கை செயற்கைத் தோலாயிருப்பினும், ஸ்டீரிங் உறையும் கியர்க் கைப்பிடியும் உண்மைத் தோலாகவே இருக்கக்கூடும். விற்பனையாளர் தாமாகச் சொல்லமாட்டார். முன்பணம் கட்டுவதற்கு முன்பே தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்க.