பேர் வெட்டு

கண்டியிலிருந்து கலஹா போகும் பஸ்ஸில் ஒருநாள் எழுந்து இடம் கொடுத்தேன். "ஒக்காருங்க அம்மாயி."

கொழுந்துக் கூடைக் கயிறு அழுந்தி அழுந்தி அவர் தலையில் ஒரு தடம் விழுந்திருந்தது. விரல் நுனிகளில் கழுவியும் போகாத கறை. காலடியில் கோதுமை மா மூட்டை.

"நீ இரு தம்பி. மலை ஏறி எறங்குற காலுக்கு பஸ்ஸுல நிக்கிறது ஒரு வேலையா?"

"இன்னும் வேலைக்குப் போறீங்களா?"

"பேரத்தான் வெட்டினாங்க. கைய வெட்டலையே."

60 வயதில் தோட்டத்தின் செக்ரோலில் அவர் பேர் வெட்டப்பட்டது. கொழுந்து பொங்கியபோது பறிக்க ஆளில்லை. அதே மலைக்கு, அதே நிரைக்குக் கைக்காசுக்குக் கூப்பிட்டார்கள். கிலோவுக்கு இவ்வளவு, ஈ.பி.எப். இல்லை. கொழுந்து நிறுக்கும்போது அவர் கிழவி இல்லை. உரிமை என்று வரும்போதுதான் கிழவி.

முதுமை உடம்பில் தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். பாதி, காகிதத்தில் தொடங்குகிறது. இந்த நாட்டில் 2022இல் அரச ஊழியரின் ஓய்வு வயது 65. 2023 பிறந்தபோது அது 60. டிசம்பர் 31 இரவு தூங்கப்போன, 60 கடந்தவர் விடிந்தபோது ஓய்வூதியர். ஓர் இரவில் அவர் மூளையும் முழங்காலும் என்ன ஆகியிருக்கும்?

அந்தக் காகிதத்தை நாமும் நம்பத் தொடங்குவதுதான் பெரிய கேடு. அமெரிக்காவின் ஒஹாயோவில், 50 வயது கடந்த 660 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கவனித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. தன் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர்கள், மற்றவர்களைவிட ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். "வயசாச்சு, இனி எதுக்கு?" என்று நாம் அன்பாகச் சொல்வதற்கும் ஒரு விலை இருக்கிறது.

கண்டிக்கு முதுமையைக் கொண்டாடத் தெரியாமலில்லை. பெரஹராவில் பல ஆண்டுகள் புனிதப் பேழை சுமந்த ராஜா என்ற கிழட்டு யானையை 1986இல் தேசியச் சொத்தாக அறிவித்தார்கள். இறந்த பின்னும் பாடம் செய்து தலதா மாளிகை வளவில் வைத்திருக்கிறார்கள். கூடை சுமந்தவர்களுக்குத்தான் அந்த யோகமில்லை.

ஆனால் குற்றத்தைத் தோட்டத்தின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. அன்று பஸ்ஸில் நானும் அந்த அம்மாயியின் நரையைத்தான் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை.

அவர் தன் இடத்தில் இறங்கினார். மா மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, லயத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் ஏறினார். அடுத்த தரிப்பில் இறங்கிய நான், அரைக் கட்டை தூரத்துக்கு ஓட்டோ பிடித்தேன்.