எந்தப் பச்சை நல்லது?

ஆழ்வார்குறிச்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு முன்னறைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. ஷேடு கார்டில் கடைசிவரை நின்றவை இரண்டு பச்சைகள். ஒன்று, நிழலில் காய்ந்த வேப்பிலை. மற்றது, சாம்பல் பூத்த கற்றாழை மடல். கடையின் டியூப் லைட்டுக்கு அடியில் அரை மணி நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் முடிவு பிறக்கவில்லை.

"அட்டையப் பாத்தா ஒண்ணும் வெளங்காது அண்ணாச்சி, சுவத்துல அடிச்சிப் பாப்போம்" என்றார் பெயிண்டர்.

இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட். காய்ந்த பிறகுதான் வேடிக்கை. காலை வெயில் கிழக்கு ஜன்னலில் நுழைந்ததும் வேப்பிலைக்குள்ளிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்க, வானத்து வெளிச்சம் மட்டும் அறையில் தங்கியது. கற்றாழை ஏறக்குறைய நீலமாகிவிட்டது. ராத்திரி மஞ்சள் பல்பைப் போட்டால் எது எதென்றே தெரியவில்லை.

நிறம் இப்படி ஆட்டம் காட்டுவது புதிதல்ல. பாரிஸில் புகழ்பெற்ற கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் வேதியியலாளர் ஷெவ்ரல். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. 1839இல் இதைப் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார். நிறம் டப்பாவுக்குள் முடிந்துவிடுவதில்லை. வெளிச்சமும் அக்கம்பக்கமும் சேர்ந்துதான் அதை முடித்து வைக்கின்றன.

முன்னறை விவகாரத்தை முடித்து வைத்தவர் அந்த வீட்டு ஆச்சி. ஜன்னலோர நாற்காலியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "காலையில நீங்கல்லாம் வேலைக்குப் போயிருதிய. இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கது நாந்தான. எனக்கு வேப்பிலையே போதும்."

அதுவரை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது, "எது நல்ல நிறம்?" ஆச்சி அதை, "யாருக்கு, எந்நேரத்துக்கு?" என்று மாற்றினார். பதில் அந்தக் கணமே வந்துவிட்டது.

இரண்டு வேலை, இரண்டு பள்ளிக்கூடம், இரண்டு ஊர் என்று எதையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்று திணறிக்கொண்டிருக்கிறீர்களா? அட்டையைக் கீழே வையுங்கள். அந்த நாற்காலியில் உட்காரப்போவது யார் என்று கேளுங்கள்.