பேட்டரி சைக்கிளும் திசைவிரதமும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பெற்ற பன்னிரு விரதங்களுள் திசைவிரதத்தைப் பற்றி நம் குடும்பங்களில் இன்று பேச்சே எழுவதில்லை. கொல்லாமையை அறிவோம், இரவுண்ணாமையை இயன்றவரை காக்கிறோம், பொருளுக்கு வரம்பு கட்டுதல் பற்றித் தசலக்ஷண பர்வ நாட்களில் சொற்பொழிவு கேட்கிறோம். 'இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்லேன்' என்று உறுதி பூணும் விரதமோ, ரயிலும் பஸ்ஸும் வந்தபின் பொருளற்றுப்போன பழைய வழக்கம் எனப் பலரும் ஒதுக்கிவிட்டனர். அண்மையில் இரு குடும்பங்களுக்கிடையே எழுந்த ஒரு சிறு வழக்கு அவ்விரதத்தை மீண்டும் எடுத்துப் பார்க்கும்படி நம்மைத் தூண்டிற்று.

கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழும் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் நால்வர், கல்லூரியில் பயில்வோர், ஒருநாள் பயணம் ஒன்றுக்குத் திட்டமிட்டனர். கடலூரிலிருந்து பேட்டரி சைக்கிளில் புதுவையைக் கடந்து, ஆரோவில்லுக்கு அருகே பொம்மையார்பாளையத்தை ஒட்டியுள்ள செம்மண் பள்ளத்தாக்கை அடைவது, அங்கே வண்டிகளை விட்டுவிட்டுப் பள்ளத்தினுள் நடந்து பார்ப்பது, அன்றே திரும்புவது. வழிகாட்டி எவரும் உடன் செல்லார். சிதம்பரத்துப் பெண் காலை ரயிலில் திருப்பாதிரிப்புலியூர் வந்து மற்றவரோடு சேர்ந்துகொள்வாள். கடலூர்ப் பெற்றோர் இசைந்தனர். சிதம்பரத்துத் தந்தையார் மறுத்தார்.

வெறுமனே மறுத்திருப்பாராயின் அது அவர்கள் வீட்டுச் செய்தியாகவே நின்றிருக்கும். அவர் அறநூலைத் துணைக்கு அழைத்தார். பயனின்றிச் செய்யும் தீங்காகிய அநர்த்ததண்டத்தைத் தவிர்ப்பது சிராவகர் கடமை. வேடிக்கை பார்க்கப் போவது அத்தகைய தீங்கே. ஆகவே போகலாகாது என்றார். மகளோ நம்மிடம் வந்து, "பாட்டி, அந்த வண்டியில் புகையும் இல்லை, ஓசையும் இல்லை. இதில் எந்த உயிருக்கு என்ன இம்சை?" என்று கேட்டாள். அவளுடைய தமையன் சென்ற ஆண்டு நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் ஏற்காடு சென்று வந்தபோது அவ்வீட்டில் எவருக்கும் இவ்விரதம் நினைவுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

தந்தையார் காட்டிய இடம் தவறானதன்று. சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பிலும் அநர்த்ததண்டம் ஐவகையாகக் கூறப்பெறுகிறது. அவற்றுள் பிரமாதசரியை என்பது கவனமின்மையால் விளையும் செயல். வீணே மண்ணை அகழ்தல், நீரைக் கலக்குதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, வீணே திரிதலும் பிறரைத் திரியச் செய்தலும் அதில் அடங்கும். மண், நீர், நெருப்பு, காற்று, மரம் ஆகிய ஐந்தும் ஓரறிவுயிர்களின் உடல்கள் என்பதை மறவாத நூலாதலின் இவற்றை ஒரே வரிசையில் வைத்தது. திரிதல் அவ்வரிசையில் ஏன் வந்தது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. திரிபவன் மற்ற ஐந்தையும் தன்னையறியாமலே செய்துவிடுகிறான் என்பதால் அன்றோ?

இனி மகளின் கேள்வி. புகையும் ஓசையும் இல்லை என்பது உண்மை. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட இவ்வகை வண்டிகளுக்கு ஓட்டுநர் உரிமமோ பதிவெண்ணோ கூட வேண்டியதில்லை. அரசே அவற்றைத் தீங்கு குறைந்தவை என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆயினும் தீங்கு எங்கும் இல்லை என்பது வேறு, நம் கண்ணுக்கு எதிரே இல்லை என்பது வேறு. ஆசிரியப் பயிற்சி பெற்ற பழக்கத்தால், பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னோம்.

போகவர அறுபது எழுபது கிலோமீட்டர். இடையே ஓரிடத்தில் மின்னேற்ற வேண்டும். மின்னேற்றத்தில் வீணாவதையும் சேர்த்து ஒரு வண்டிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். நன்றாக மிதித்தால் அதற்கும் குறைவு. நம் மாநிலத்து மின்சாரம் காற்றாலை, கதிரவன், அணைகள், அணுவுலை, நிலக்கரி எனப் பலவழியிலும் வருவதாதலின், இந்த யூனிட் இங்கிருந்துதான் வந்தது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் கடலூர் மாவட்டத்தில் வாழ்வோர் நெய்வேலியை வைத்துக் கணக்கிடுவதே நேர்மை. அங்குள்ள பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ எரிய வேண்டும். ஒரு டன் நிலக்கரியை அடைய அதன்மேல் கிடக்கும் மண்ணில் ஐந்து கன மீட்டருக்கு மேல் அகற்ற வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ இரண்டு டன் எடை எனக் கொண்டால், ஒரு கிலோ நிலக்கரிக்குப் பத்துக் கிலோ மண். அதாவது பள்ளத்தாக்கைக் காண ஒரு சைக்கிள் போய்வர, வேறோரிடத்தில் ஒரு கூடை மண் தோண்டப்படுகிறது.

ஒரு கூடைதானா என்று பிள்ளைகளுக்கு ஆறுதல். பெட்ரோல் வண்டியானால் ஒரு லிட்டருக்கு மேல் எரிந்திருக்குமே என்றும் கூறினர். அதுவும் சரியே. இம்சையில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று நம் சமயம் எங்கும் கூறவில்லை. குறைத்தலை அறமாகவே அது போற்றுகிறது. ஆனால் அந்தக் கூடை எங்கே நிறைகிறது என்பதைச் சிறிது விரித்துரைக்க வேண்டும்.

ஆரோவில் மேட்டு நிலமும் நெய்வேலிச் சுரங்கத்தின் மேல்மண்ணும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. நிலவியலார் இதற்குக் கடலூர் மணற்கல் என்றே பெயரிட்டுள்ளனர். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் இவ்வடுக்கைச் சேர்ந்தவையே. பொம்மையார்பாளையத்துப் பள்ளத்தாக்கை எவரும் திட்டமிட்டுத் தோண்டவில்லை. ஒரு காலத்தில் காடு மூடியிருந்த மேடு அது. மரங்கள் வெட்டப்பட்டபின், மழை வெற்று மண்ணில் நேரே இறங்கி, ஆண்டுதோறும் அதை அறுத்துக் கடலுக்குக் கொண்டு சென்றது. அறுபட்ட இடம் இன்று சிவந்த சுவர்களும் வளைந்த தடங்களுமாகக் காட்சி தருகிறது. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபின், அங்குள்ளோர் வரப்புகள் எழுப்பி, தடுப்பணைகள் கட்டி, மரங்கள் நட்டு, அம்மேட்டின் பெரும்பகுதியில் மண் போவதை நிறுத்தினர். எனவே அங்கே காண வேண்டியவை இரண்டு: கவனமின்மை வெட்டிய பள்ளம் ஒன்று, கவனம் வளர்த்த காடு ஒன்று. பலர் முன்னதை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர்.

நெய்வேலிப் பள்ளம் திட்டமிட்டு வெட்டியது. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கருநிறப் பொருள் வெளிப்பட்டதும், 1956இல் நிறுவனம் அமைந்ததும், 1962இல் மின்உற்பத்தி தொடங்கியதும் நம் மாவட்டத்தார் அறிந்த வரலாறு. அதனால் எத்தனை வீடுகளில் விளக்கெரிந்தது, எத்தனை குடும்பங்கள் பிழைத்தன என்பதையும் மறைக்கலாகாது. அதே வேளையில், 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் வாய்க்காலுக்காகப் பயிர் நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதை நாம் மறக்க இயலாது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். சட்டத்தின்படி அது எப்படியிருப்பினும், பச்சைப் பயிர் மண்ணோடு புரட்டப்பட்டதைப் படத்தில் கண்டவர் எவர்க்கும் நெஞ்சு பதைத்தது. உயர்நீதிமன்றத்திலும் வேதனை தெரிவிக்கப்பட்டது. அவ்வூர் சிதம்பரத்திலிருந்து தொலைவிலில்லை. பிள்ளைகள் செல்லவிருந்த பள்ளத்தாக்கை விட அது தந்தையாருக்கு மிக அருகில் உள்ளது.

இவ்விடத்தில்தான் பழைய நூலின் நுட்பம் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. திசைவிரதத்துக்குக் கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை ஆகியவற்றை எல்லையாகக் கொள்ளச் சொன்ன ஆசாரியர், மேலே ஏறுதல், கீழே இறங்குதல், பக்கத்தில் கடத்தல் ஆகிய மூன்றையும் எல்லை மீறுதலில் சேர்த்தார். வகுத்த எல்லையை மறந்துவிடுதலையும் குற்றமாகவே கூறினார். நாட்கணக்கில் எல்லையைச் சுருக்கிக்கொள்ளும் தேசாவகாசிக விரதத்துக்கோ இன்னும் நுண்ணிய குற்றங்களைக் காட்டினார். தான் எல்லைக்குள் இருந்துகொண்டே ஆளை வெளியே அனுப்புதல் குற்றம். வெளியிலிருந்து பொருளை வரவழைத்தல் குற்றம். கால் தாண்டாவிடினும் கை தாண்டலாம் என்பதை அறிந்தவர் அவர். மின்கம்பியை அவர் கண்டதில்லை. ஆயினும் நம் வீட்டுச் சுவரில் உள்ள சுவிட்சு, எல்லைக்கு அப்பாலிருந்து வரவழைக்கும் கருவியன்றி வேறென்ன? சிதம்பரத்து வீட்டில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, 'நாங்கள் எங்கும் போவதில்லை' என்று கூறுபவரும் நாள்தோறும் வளையமாதேவி வழியாக நெய்வேலி வரை சென்று வருகிறார். மகள் ஒருநாளைக்கு ஒரு கூடை மண் என்றால், குளிர்சாதனம் வைத்த வீட்டுக்கு ஓரிரவில் பல கூடை.

தந்தையார் நம் வகுப்பில் படித்தவர். விடை எழுதுமுன் வினாவை முழுதும் படிக்க வேண்டும் என்று அன்று அவருக்குக் கூறியதையே இன்றும் கூற வேண்டியதாயிற்று. அவர் சிரித்துக்கொண்டார், ஆனால் இசையவில்லை.

யாத்திரை வேறு, உல்லாசம் வேறு அல்லவா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். வேறுதான். மேல்சித்தாமூருக்கும் திருநறுங்கொண்டைக்கும் நாம் பஸ் வைத்துக்கொண்டு போவது ஜினரை வணங்க. ஆனால் அப்பஸ்ஸில் சீட்டுக்கட்டும் சினிமாப் பாட்டும் ஏறியதை நாம் கண்டதுண்டு. போகுமிடம் தூயதாக இருப்பதால் மட்டும் போக்குப் பயனுடையதாகிவிடாது. அவ்வாறே, மரம் போனால் மண் என்னாகும் என்பதை இருபது வயதில் கண்ணால் கண்டு அஞ்சுவது பயனற்ற செயல் எனவும் கூறிவிட முடியாது. முனிவர் நான்கு முழத் தொலைவு நோக்கி அடி வைப்பர். சைக்கிளில் செல்பவர் அவ்வாறு நோக்க இயலாது. அதனால்தான் பள்ளத்தாக்கை அடைந்ததும் இறங்கி நடப்பது பொருத்தம். நடக்கும்போதும் சுவரின் விளிம்பில் ஏறாமல், பழகிய தடத்திலேயே செல்ல வேண்டும். ஏறும் ஒவ்வொரு காலுக்கும் ஒரு பிடி மண் சரியும்.

திருப்பாதிரிப்புலியூரின் பழம்பெருமை இங்கே நினைவுக்கு வருகிறது. உலகத்தின் பகுதிகளையும் அளவுகளையும் விரிக்கும் லோகவிபாகத்தைச் சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகை என்னும் ஊரில் நிறைவு செய்தார். அவ்வூர் திருப்பாதிரிப்புலியூரே என்பர் அறிஞர். பிராகிருத மூலம் மறைந்துவிட்டது. பின்வந்த சிம்மசூரியின் வடமொழி வடிவமே எஞ்சியது. தீவுகளையும் கடல்களையும் அளந்துரைத்தவர் வண்டி ஏறாதவர். இதைக் காட்டி, வீட்டிலிருந்தே எல்லாம் அறியலாம் என்று பிள்ளைகளிடம் வாதிடலாம்தான். நாம் வாதிடவில்லை. கால்நடையாக நாடு முழுதும் திரிந்த சங்கத்தைச் சேர்ந்தவர் அவர் என்று அவர்கள் உடனே மறுமொழி கூறியிருப்பர்.

வழக்கின் உயிர்நிலை இதுவென்று நமக்குத் தோன்றியது. இங்கே மூன்று எல்லைகள் உள்ளன. பேட்டரி தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். அது இயந்திரத்தின் எல்லை. தந்தை கதவை அடைத்தால் மகள் நின்றுவிடுவாள். அது அதிகாரத்தின் எல்லை. இவ்விரண்டாலும் அடங்கியிருப்பவர் விரதம் காத்தவர் ஆகார். சிறையிலிருப்பவன் எங்கும் செல்வதில்லை; அவனைத் திசைவிரதி என்று எவரும் அழைப்பதில்லை. தானே அறிந்து, தானே அளந்து, புறப்படுமுன் தன் வாயால் கூறிக்கொள்ளும் எல்லையே விரதம். அவ்வாறு கூறத் தகுதியுள்ள வயதை அப்பெண் அடைந்துவிட்டாள். அவள் கூற வேண்டியதை அவளுக்காக மற்றவர் கூறுவது, அவளுடைய உபவாசத்தை மற்றவர் இருப்பதைப் போன்றது. மகனுக்கு ஒன்றும் மகளுக்கு ஒன்றுமாக நூலைப் பிரித்துப் படிப்பது பற்றி இங்கே விரித்தெழுத விரும்பவில்லை; அவ்வீட்டார்க்கு நேரிலேயே கூறிவிட்டோம். சாலையில் லாரிகள், தனித்த இடம், பெண்பிள்ளை என்று தந்தையார் அஞ்சுவாராயின், அவ்வச்சம் நியாயமானதே. அதை அச்சமென்றே கூறட்டும். கூட யார், எந்த நேரம், எந்தச் சாலை என்று அதற்கு விடை காணலாம். அச்சத்துக்கு விரதத்தின் பெயரைச் சூட்டினால், பிள்ளைகள் அச்சத்தோடு விரதத்தையும் சேர்த்து உதறிவிடுவர். அவ்வாறு உதறியவர்களை நம் சமூகத்தில் நாம் போதிய அளவு கண்டாயிற்று.

பெண் தானே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். வடக்கே பொம்மையார்பாளையம் எல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை நாட்களில் இல்லை. தை பிறந்து தரை காய்ந்தபின். மண்சுவரில் ஏறுவதில்லை. கட்டுச்சோறு வீட்டிலிருந்து, கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல், இருட்டுமுன் வீடு திரும்புதல். செலவாகும் ஒரு யூனிட்டுக்கு ஈடாக, அந்த வாரம் தன் அறையில் குளிர்சாதனத்தை நிறுத்தி வைத்தல். ஈடு செய்தால் தீங்கு அழிந்துவிடாது என்று கூறினோம். தெரியும் பாட்டி, கணக்கு மறக்காமல் இருக்கத்தான் என்றாள்.

தந்தையார் அத்தாளைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், திருப்பாதிரிப்புலியூர் நிலையம் வரை தாமே கொண்டுவந்து விடுவதாகக் கூறினார். மாசியில் சென்று வந்தார்கள். அடுத்து நெய்வேலிச் சுரங்கத்தைக் காண வேண்டும் என்கிறார்கள். உள்ளே சென்று பார்க்க அனுமதி தேவை. விண்ணப்பத்தை மகளும் தந்தையும் சேர்ந்து எழுதியிருக்கின்றனர்.