அறிவு தனியுடைமையா?

சுன்னாகம் சந்தையிற் காலைவேளையில் நின்று பார்த்தவர்கள் ஒன்றை அறிவர். அயற் கிராமங்களிலிருந்து வாழைக்குலைகளும் மரக்கறிகளும் வந்து குவிகின்றன. அன்றைய விலையை எந்தத் தனிமனிதனும் தீர்மானிப்பதில்லை. பலரது கொடுக்கல் வாங்கலிலிருந்தே அது பிறக்கிறது. மனித சிந்தனையும் அவ்வாறே பிறக்கிறது என்பதைக் கணித மொழியில் எடுத்துரைத்த முன்னோடிகளுள் ஒருவர் வோல்ற்றர் பிற்ஸ்.

1923இல் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரிலே, தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். பன்னிரண்டு வயதிற் பொது நூல்நிலையத்தில் மூன்று நாட்கள் அமர்ந்து, றசலும் வைற்ஹெட்டும் எழுதிய கணித தத்துவப் பெருநூலைப் படித்து, அதிற் கண்ட குறைகளை றசலுக்கே எழுதினார் என்பர். பதினைந்து வயதில் வீட்டைத் துறந்து சிக்காகோ சென்றவர், மாணவராகப் பதியாமலே பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்டார். தங்க இடமற்றிருந்த அவருக்கு நரம்பியல் அறிஞர் வொறன் மக்கலக் தமது இல்லத்திலேயே இடமளித்தார்.

1943இல் இருவரும் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுவே: நரம்புக்கலம் ஒவ்வொன்றும் செய்வது எளிய வேலை. போதிய தூண்டல் சேர்ந்தால் அது இயங்கும், இன்றேல் ஓய்ந்திருக்கும். ஆனால் அக்கலங்கள் வலையாகப் பின்னப்படும்போது தருக்கம் பிறக்கிறது. கணனியின் அமைப்புப் பற்றி வொன் நொய்மன் 1945இல் எழுதிய அறிக்கை இக்கட்டுரையைத் துணைக்கொண்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவின் வேர்களுள் ஒன்றும் இதுவே.

இங்கேதான் அறக்கேள்வி எழுகிறது. வீடற்ற இளைஞன் ஒருவனும் பொது நூல்நிலையமும் சேர்ந்து இட்ட வித்தின் விளைச்சல், இன்று ஒருசில பெருங் கம்பனிகளின் களஞ்சியத்திற் குவிவது நியாயமா?

மேதை எங்கிருந்தாலும் தானே வெளிப்படுவான் என்று சிலர் வாதிப்பர். பிற்ஸின் வாழ்வே அதற்கு மறுப்பு. தந்தைபோல் அவர் மதித்திருந்த கணித அறிஞர் நோபேட் வீனர், 1952இல் உறவை முறித்துக்கொண்டார். அதன்பின் பிற்ஸ் தம் ஆய்வேட்டை எரித்தார், மதுவில் மூழ்கினார், 1969இல் நாற்பத்தாறாவது வயதில் மறைந்தார். மூளை அதே மூளைதான். அறுந்தது தொடர்பு மட்டுமே. தனித்த கலம் சிந்திப்பதில்லை என்ற தமது கொள்கைக்கு அவரே சான்றானார்.

நமக்கும் இது புதிதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிக்கப்பட்டபோது எத்தனை சிறுவர்களின் மூன்று நாட்கள் அங்கே சாம்பலாயின! இன்று எரிப்பார் இல்லையாயினும், ரியூசன் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளை வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது.

ஆசிரிய நண்பர்களே! அறிவைப் பலர் கூடி ஆக்கினர். ஆகவே அது பலருக்கும் உரியது. வாசலில் நிற்கும் அப்பிள்ளையை உள்ளே அழைப்பது தருமமன்று. நாம் பட்ட கடன்.