வரிசை குறைந்ததா?

ரமளான் வந்துவிட்டால் நம் ஊர்களில் செல்வந்தர் வீட்டு வாசல்களில் வரிசை நீளுகிறது. ஜகாத் என்று ஆளுக்கு ஒரு நோட்டு. இத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எண்ணித் திருப்தியடைகிறோம். போன வருடம் நின்ற அதே முகங்கள் இவ்வருடமும் நிற்கின்றனவே, அதை யார் எண்ணுகிறோம்?

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் அன்ஸாரி ஒருவர் உதவி கேட்டு வந்த செய்தி அபூதாவூதில் வருகிறது. அவர் வீட்டில் இருந்தவை ஒரு முரட்டுத் துணியும் தண்ணீர் குடிக்கும் பாத்திரமும்தாம். அவற்றைக் கொண்டுவரச் செய்து, ஏலத்தில் இரண்டு திர்ஹத்திற்கு விற்றார்கள். ஒன்றுக்கு வீட்டாருக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. அதற்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு மாட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், 15 நாட்கள் தம் கண்ணில் படக்கூடாதென்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் 10 திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு திரும்பினார். நம் பயான்களில் கோடரியைச் சொல்கிறோம். அந்த 15 நாள் தவணையை விட்டுவிடுகிறோம். கொடுத்தது பலித்ததா என்பது அந்தத் தவணையில்தானே தெரிந்தது!

யமனிலிருந்து முஆத் (ரலி) அவர்கள் ஜகாத்தில் மூன்றிலொரு பங்கை மதீனாவுக்கு அனுப்பியபோது, உமர் (ரலி) அவர்கள் மகிழவில்லை. அவ்வூர் ஏழைகளுக்கே கொடுக்கத்தானே உம்மை அனுப்பினோம் என்று கண்டித்தார்கள். இங்கே வாங்குவோர் இல்லை என்று பதில் வந்தது. மறுவருடம் பாதி, மூன்றாம் வருடம் முழுவதும் வந்தது. இதை அபூஉபைத் அவர்கள் ‘கிதாபுல் அம்வா’லில் பதிந்திருக்கிறார்கள்.

தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவியோ முதலோ வாங்குமளவு கொடுக்கலாமென்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். ஹனபீ மத்ஹபில் ஒருவருக்கே நிஸாப் அளவு கொடுப்பது மக்ரூஹ். ஆனால் கடனாளிக்கும் குடும்பஸ்தருக்கும் அதில் விலக்குண்டு.

‘ஒருவருக்கே கொடுத்தால் மற்றவர் வெறுங்கையோடு போவாரே?’ நியாயமான கேள்விதான். தனித்தனியே கொடுக்கும்வரை இதற்கு விடையில்லை. மஹல்லாவின் பத்து வீட்டு ஜகாத் ஒன்று சேர்ந்தால் ஒருவருக்குத் தையல் மெஷினும் கிடைக்கும், மற்றவர் பசியும் ஆறும். முதியவரிடமும் தீரா நோயாளியிடமும் போய் ‘இன்னுமா நிமிரவில்லை?’ என்று கேட்பது கொடுமை. அவர்களுக்கு மாதாமாதம் தவறாமல் போய்ச் சேர்ந்ததா என்பதே கணக்கு.

ஷவ்வாலிலேயே ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், கொடுத்தது, எதற்காக. பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த ரமளானில் அவர் மீண்டும் கேட்க வந்தாரா என்று அதில் எழுதுங்கள். அந்த நோட்டு முத்தவல்லியின் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பள்ளிவாசல் பலகைக்கு வரவேண்டாம்.