வேர் நிறைந்த தொட்டி

பால்கனி மல்லிக்குத் தொட்டி போதவில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது தண்ணீர்தான். ஊற்றிய வேகத்திலேயே அடித்துளை வழியாக ஓடி, கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணியில் சொட்டும். மண்ணைவிட வேர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். சாய்த்துத் தட்டி உருவினால், சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர் தொட்டியின் வடிவத்திலேயே வெளியே வரும். இலை சிறுத்ததற்கும், மொக்கு குண்டாகாமல் போனதற்கும் அதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை.

உடனே மனம் பெரிய தொட்டிக்குத் தாவும். அதற்கு நியாயமும் உண்டு. 2012இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்து ஹென்ட்ரிக் பூர்ட்டரும் குழுவினரும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொட்டியின் கொள்ளளவு இரட்டித்தால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். எடைக்காகவா மல்லி வளர்க்கிறோம்? பத்து அங்குலத் தொட்டியிலிருந்து ஒரேயடியாக இருபதுக்கு மாற்றினால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கும். ஈரம் வடியாத மண்ணில் காற்று இருக்காது, வேர் அழுகும். பிழைத்துக்கொண்டாலும் கொஞ்ச நாளைக்கு இலையாகத்தான் வரும், பூவாக வராது. ‘இரண்டு அங்குலம் கூட்டினால் போதும் சார்’ என்று நர்சரிக்காரர்கள் சொல்வது அதனால்தான்.

எங்கள் வீட்டிலும் ‘இடம் பத்தலை, பெரிய வீடு பார்க்கலாம்’ என்ற பேச்சு கொஞ்ச காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மகள் வேலை கிடைத்துப் புனே போன பிறகுதான் இந்தப் பேச்சே தொடங்கியது. ஆள் குறைந்த வீட்டில் நெருக்கடி எப்படிக் கூடும்? லாஃப்டைப் பார்த்தால் புரியும். ஓடாத மிக்ஸி, பித்தளை அண்டா, பள்ளிக்கூட நோட்டுகள், எதற்கும் இருக்கட்டும் என்று வைத்த அட்டைப்பெட்டிகள்.

முதிர்ந்த செடிக்கு இன்னொரு வழி உண்டு. அதே தொட்டி, புது மண். முந்தின நாள் மாலை தண்ணீர் விட்டு, மறுநாள் செடியை உருவி, வேர்ப்பந்தின் ஓரத்தையும் அடியையும் கத்தியால் ஒரு கால்பங்கு சீவிவிட வேண்டும். வருடக்கணக்கில் தண்ணீர் அரித்துச் சத்துப் போன மண்ணை உதிர்த்துவிட்டுச் செம்மண்ணும் மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பலாம். குறைந்த வேரால் எல்லாக் கிளைக்கும் தண்ணீர் தர முடியாது. ஆகவே மேலேயும் கவாத்து செய்ய வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் வயல்களிலும் நவம்பர் கடைசி வாக்கில் செடியைச் சுமார் 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். மல்லி புதுத் தளிரில்தான் பூக்கும்.

‘பழகிய இடத்தை விட்டு வெளியே வா, பெரிய தொட்டிக்குப் போ’ என்று மேடையில் முழங்குபவர்கள் நாற்றையும் முதிர்ந்த செடியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பாலித்தீன் பையில் வேர்விட்ட பதியனை மாற்றாமல் வைத்திருப்பது கொடுமை. என் மகள் புனே போனதும் சரிதான். ஐம்பத்தைந்து வயதுக்காரனுக்கும் அதே உபதேசமா? அவனுக்குத் தீர்ந்துபோயிருப்பது பெரும்பாலும் மண்தான்: அதே பேச்சு, அதே நாலு பேர், எப்போதோ படித்து முடித்த படிப்பு. அதைப் புதுப்பிக்க வீடு மாற வேண்டியதில்லை.

ஆனாலும் தொட்டி வாங்குவதுதான் சுலபம். கடைக்குப் போவதில் ஒரு குஷி இருக்கிறது, வேரைச் சீவுவதில் இல்லை. எதை வெட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். தோட்டக்காரர்கள் வேரை ஒட்டிய நடு மண்ணைக் கழுவி எடுப்பதில்லை. தாய்மண் என்று விட்டுவைப்பார்கள். மிக்ஸியும் அட்டைப்பெட்டிகளும் பழைய சாமான்காரரிடம் போயின. அண்டா இருக்கிறது. அது என் மாமியார் பொங்கல் வைத்த அண்டா. அதன் பேச்சை நானும் எடுக்கவில்லை.

பெரிய வீட்டுப் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. உங்கள் வீட்டிலும் மல்லித் தொட்டி இருந்தால், அடைமழை விட்டதும் ஒருமுறை உருவிப் பாருங்கள். மண் மாற்றிய பின் ஒரு வாரம் நிழலில் வையுங்கள், தளிர் விடும்வரை உரம் போடாதீர்கள். புதுத் தொட்டி வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.